1285-ஐ 2110 ஆக்கப் போன கதை

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினைப் பிரித்து, வேறு பிஸ்டன், வேறு கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) போட்டு சிசியை, அதாவது எஞ்சினின் கொள்ளளவை, கூட்டுவது உலகம் முழுக்க நடக்கிற வேலைதான். பெட்டியில் வரும் முழு செட்டாக வாங்கிப் போட்டால் பெரிய சிக்கல் இருக்காது. ஆனால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, கிராங்க் ஒருவரிடம், பிஸ்டன் இன்னொருவரிடம், கேஸ் (கிராங்க் உட்காரும் எஞ்சின் கூடு) வேறொரு ஊரில் என்று வாங்கிச் சேர்த்துச் செய்யப் போனால் என்ன ஆகும் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று, பணம் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கார் 1969 மாடல், 1300. பெரியப்பா வைத்திருந்தது. காக்ஸ் டவுன் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காக நின்றதை நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். மேட்டில் மூச்சு வாங்கியது, புகை வேறு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் படுத்துக் கிடந்தது. அந்தக் காலத்து அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நிற்கும். மற்ற மூன்றுக்கும் குளிர்ந்த காற்று நேராகப் போகும்போது, இதற்கு மட்டும் கூலரைத் தாண்டிச் சூடான காற்று போகும். அதனால் முதலில் தேய்வது பெரும்பாலும் அதுதான். எப்படியும் எஞ்சினை இறக்க வேண்டும், பேரலும் (பிஸ்டன் ஓடுகிற உருளை) பிஸ்டனும் புதிதாகப் போட வேண்டும். இறக்குவதுதான் இறக்குகிறோம், கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடலாமே என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

சிசி கணக்கு எளிது. சிலிண்டரின் குறுக்களவு போர். பிஸ்டன் மேலிருந்து கீழே வருகிற தூரம் ஸ்ட்ரோக். போரை அதாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கு நாலால் பெருக்கி, மி.மீ.யில் போட்டதால் ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் சிசியில் எஞ்சின் அளவு. என் காரில் போர் 77 மி.மீ., ஸ்ட்ரோக் 69 மி.மீ., அதாவது 1285 சிசி. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே இதே 69 கிராங்கை வைத்துக்கொண்டு பிஸ்டனை மட்டும் 83 ஆக்கி 1493 சிசியும், 85.5 ஆக்கி 1584 சிசியும் செய்தது. வெளியார் தயாரிக்கும் 90.5 பேரல் போட்டால் 1775 வரும். எல்லோரும் அதை 1776 என்றே சொல்வார்கள். அதோடு 82 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்கும் சேர்ந்தால் 2110. தாளில் போட்டுப் பார்க்கும்போது இது போதை தரும் கணக்கு. ரெண்டே எண்கள், கால்குலேட்டரில் தட்டத் தட்ட சிசி ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற ராடு எங்கேயும் வராது, பிஸ்டனின் உயரமும் வராது. வராததால்தான் ஆபத்து.

சிவாஜிநகரில் எனக்கு வேலை செய்கிற மெக்கானிக் பாய் ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னார். "சார், நம்பர் அடிச்ச கேஸ்ல கை வெக்காதீங்க. அது போச்சுன்னா காரே போச்சு." பீட்டிலில் எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸிலேயே, டைனமோ நிற்கிற ஸ்டாண்டுக்குக் கீழே அடித்திருக்கும். 90.5 பேரல் உட்கார வேண்டும் என்றால் கேஸில் பேரல் இறங்குகிற ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் பாய் மூலமாகவே மும்பை குர்லாவிலிருந்து பழைய 1600 கேஸ் ஒன்று 22,000 ரூபாய்க்கு வந்தது. இந்த முழுக் கதையிலும் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அதுதான், அதற்கு அவர் காசு கேட்கவில்லை.

அடுத்து கிராங்க். மும்பையில் ஒருவர் பாதியில் விட்ட புராஜெக்டிலிருந்து 82 கிராங்கும் நாலு ராடும் 48,000-க்குக் கொடுத்தார். 90.5 பேரல், பிஸ்டன் செட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பொருள் 36,000. கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து இன்னொரு 21,000. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். இரும்பு பேரல் நாலு என்றால் எடையே அனுப்பும் செலவை ஏற்றிவிடும். இருவரிடமும் தனித்தனியாக, "இது அதோடு சேருமா?" என்று கேட்டேன். இருவருமே நேராக உட்காரும் என்றார்கள். கிராங்க் விற்றவர் என் பிஸ்டனைப் பார்க்கவில்லை, பிஸ்டன் விற்றவர் கிராங்கைப் பார்க்கவில்லை. அவரவர் சாமானைப் பொறுத்தவரை இருவர் சொன்னதும் சரிதான், அதை வைத்து யாரிடம் சண்டைக்குப் போவது?

பீன்யாவில் லேத் வேலை. பீட்டில் கேஸ் மெக்னீசியக் கலவை, இரண்டு பாதியாகப் பிரியும். வெட்டும்போது இரண்டையும் எல்லா போல்ட்டும் போட்டு, சரியான டார்க்கில் இறுக்கி, கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் ஓட்டையை ஆதாரமாக வைத்துத்தான் மிஷினில் ஏற்ற வேண்டும். நான் போன பட்டறையில் லாரி பிளாக் போரிங் பிரமாதமாகச் செய்வார்கள், இந்த மாதிரிக் கேஸை முன்பின் பார்த்ததில்லை. வெளிப்பக்கத்து வார்ப்பு முகத்தைப் பிடித்து இறுக்கி ஓட்டினார்கள். வார்ப்பு முகம் எங்கேயும் சமமாக இருக்காது. விளைவு, பேரல் உட்காரும் நாலு இருக்கைகளில் ஒன்று மற்றவற்றைவிட 0.3 மி.மீ. ஆழமாகப் போய்விட்டது. 14,000 கொடுத்து முடித்த வேலையை வேறொரு இடத்தில் 9,000 கொடுத்து, மற்ற மூன்றையும் அதே ஆழத்துக்கு இறக்கிச் சமன் செய்தேன்.

அந்தப் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டூல் மழுங்கியிருந்ததோ என்னவோ, மிஷின் அடியில் தட்டில் சேர்ந்திருந்த மெல்லிய சாம்பல் நிறச் சீவல் திடீரென்று பற்றிக்கொண்டது. வெல்டிங் வெளிச்சம் மாதிரி கண் கூசும் வெள்ளை. உதவிக்கு இருந்த பையன் அனிச்சையாகப் பக்கத்திலிருந்த பக்கெட் தண்ணீரைத் தூக்கினான். "தண்ணி ஊத்தாதடா! மண்ணு, மண்ணு!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரே ஓடி வந்தார். எரிகிற மெக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் வெடித்து எரியும். காய்ந்த மணல்தான் மருந்து. வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை முறத்தில் அள்ளிப் போட்டு அணைத்தார்கள். கேஸ் தப்பித்தது. எனக்குக் கை நடுக்கம் அடங்க வெகு நேரமாயிற்று. பீட்டில் கேஸைக் கொடுக்கிற பட்டறையில் இது மெக்னீசியம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மணல் பக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்ப்பதற்கு அலுமினியம் மாதிரியே இருப்பதால் அவர்களுக்குத் தானாகத் தெரிய வாய்ப்பில்லை.

இனி மாட்டிப் பார்க்கிற கட்டம். இறுதியாகப் பூட்டுவதற்கு முன் கிராங்க், ஒரு ராடு, ஒரு பிஸ்டன், ஒரு பேரல் மட்டும் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பாய் கிராங்கின் முனையில் மாட்டுகிற ஃபிளைவீல் சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். அந்த ஃபிளைவீலே தற்காலிகம்தான். கிராங்கில் எட்டு டவல் ஓட்டை (ஃபிளைவீலை நகராமல் பிடிக்கும் ஊசிகளுக்கான ஓட்டை), என் ஃபிளைவீலில் கம்பெனி போட்ட நாலுதான். அதையும் துளையிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிஸ்டன் மேலே ஏறியது, ஏறியது, பேரல் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. வெர்னியரில் பிடித்தால் ஐந்து மி.மீ.க்கு மேல். சரி, பேரலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைக்கலாம் என்று பேசிக்கொண்டே அவர் மேலும் திருப்பினார். கீழே போகும்போது "டக்" என்று நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி அதே இடத்தில் "டக்". டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல மட்டும் இல்ல சார், கீழயும் இடிக்குது."

என்ன நடந்தது என்று விளக்குகிறேன், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். கிராங்க் மையத்திலிருந்து பேரலின் மேல் விளிம்பு வரைக்கும் உள்ள உயரத்துக்குள் மூன்று அளவுகள் அடங்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் பாதி, ராடின் மையத்துக்கு மையம் நீளம், ராடைப் பிஸ்டனோடு மாட்டுகிற பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். கம்பெனி அமைப்பில் ஸ்ட்ரோக்கில் பாதி 34.5, ராடு 137. 82 கிராங்கில் பாதி 41. எனக்கு வந்த ராடும் அதே 137. ஆக பிஸ்டன் முன்பைவிட 6.5 மி.மீ. மேலே போகும், அதே 6.5 கீழேயும் வரும். வந்த பிஸ்டனோ 69 கிராங்குக்கான சாதாரண வகை. நீள ஸ்ட்ரோக்குக்கென்று பின்னை மேலே தள்ளி வைத்த வேறு வகைப் பிஸ்டன் தனியாக விற்கிறார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போட்டோவில் சுத்தமாகத் தெரியாது. மேலே இடிப்பதை ஷிம் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு கனத்துக்கு ஷிம் வைத்தால் எஞ்சினே அகலமாகிவிடும். வால்வு பக்கம் தள்ளுகிற புஷ்ராடு நீளம் போதாது, சைலன்சர் சேராது, காற்றுத் தகடுகள் உட்காராது. கீழே இடிப்பதற்கு ஷிம்மால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் ஷிம் பேரலைத்தான் நகர்த்தும், பிஸ்டனை நகர்த்தாது. கம்பெனி கிராங்கில் கவுண்டர்வெயிட்டே (சுழற்சியைச் சமன் செய்யும் எடை) கிடையாது, இந்த 82-இல் பெரிதாக இருந்தது. பிஸ்டனின் அடிப்பாவாடை அதில்தான் போய் முட்டியது.

இதோடு விடவில்லை. ராடின் போல்ட் தலை கேஸின் உள்சுவரை உரசியது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை உருட்டி ஒட்டிச் சுற்றினோம். சில இடத்தில் களிமண் காகிதமாக நசுங்கியிருந்தது. குறைந்தது ஒரு மி.மீ.யாவது இடம் வேண்டும். சூட்டில் எல்லாம் நீளும், ஓடும்போது கிராங்க் கொஞ்சம் வளையவும் செய்யும். கேஸை உள்ளே தேய்த்து இடம் உண்டாக்கலாம், செய்கிறார்கள். ஆனால் கீழே முட்டுவதற்கு வேறு பிஸ்டன் வேண்டும், அதாவது திரும்பவும் 57,000.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே ஷெட்டுக்குள் போனால் "அந்தக் காருக்கா?" என்ற பார்வை. கோபம் யார் மேல் என்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாயிடம் போய், 82 வேண்டாம், 69-க்கே போகலாம் என்றேன். 82 கிராங்கை ராடோடு சேர்த்து 30,000-க்குத் தள்ளினேன். இந்த முறை வாங்குகிறவருக்கு எல்லா அளவையும் எழுதி அனுப்பித்தான் விற்றேன். பழைய 69 கிராங்க் ஒன்று கிடைத்தது, தேய்த்து பேரிங் போட 16,000. சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டுகளை 90.5-க்குத் திறக்க 12,000.

69 கிராங்கோடு எல்லாம் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தது. ஆனாலும் இரண்டு விஷயங்களில் நிதானம் வேண்டும். ஒன்று கம்ப்ரஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது. சிசியைக் கூட்டும்போது ஹெட்டில் உள்ள குழி அப்படியே இருந்தால் விகிதம் தானாக ஏறும். ஒரு பேச்சுக்கு, குழி 50 சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பேரல் விளிம்புக்கு 1.3 மி.மீ. இடைவெளி என்று வையுங்கள். 77 பிஸ்டனில் ஒரு சிலிண்டர் 321 சிசி, விகிதம் 6.7 வரும். 90.5-இல் ஒரு சிலிண்டர் 444 சிசி, அதே குழிக்கு 8.6 ஆகிவிடும். காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு நம் சாதாரண பெட்ரோலில் இது அதிகம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிவு, இங்கே ஓட்டும்போது நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் எரிந்து எஞ்சின் தட்டுவது) தெரியாமல் போகலாம். கிருஷ்ணகிரி தாண்டி இறங்கி, சமவெளி வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் தட்டும். அதனால் குழியைக் கொஞ்சம் பெரிதாக்கி எட்டை ஒட்டி நிறுத்தினோம். ஊசி போடுகிற சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, கண்ணாடித் தகட்டால் மூடிய குழியை நிரப்பி அளக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சாமான்தான், பத்து ரூபாய்.

இரண்டாவது எடை. ஒரே எஞ்சினில் பிஸ்டன்களுக்குள் எடை வித்தியாசம் 10 கிராமுக்கு மேல் போகக் கூடாது, ராடுகளுக்கும் அதே. வெவ்வேறு இடத்திலிருந்து சேர்த்த சாமான் என்றால் நகைக்கடைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துவிடுங்கள். என் ராடுகளில் ஒன்று மட்டும் வேறு செட்டிலிருந்து வந்தது, 19 கிராம் கூடுதல். தேய்த்துச் சமன் செய்தார்கள். கிராங்க் முன்பின் ஆட்டமும் முக்கியம், 0.07-இலிருந்து 0.13 மி.மீ.க்குள் மூன்று ஷிம் வைத்துக் கொண்டுவர வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

ஸ்டாண்டில் வைத்து ஓட்டினோம். அருமையான சத்தம், அதை மறுக்க மாட்டேன். காரில் ஏற்றுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடம் சாதாரணமாகக் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே ஆர்.சி.யில் எத்தனை சிசி என்பது. தேர்டு பார்ட்டி பிரீமியம் சிசியை வைத்துத்தான்: 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், 1500-ஐத் தாண்டினால் 7,897. பணத்தைவிடப் பெரிய விஷயம், ஆர்.சி.யில் 1285 இருக்க, உள்ளே 1776-உம் வேறு நம்பரும் இருந்தால் விபத்து நேரத்தில் கம்பெனி கையை விரிக்க வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்கு மேல், 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. ஐம்பது வருஷத்துக்கு மேலான, எஞ்சினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்யாத காருக்குத்தான் அந்த வி.ஏ. நம்பர் பலகை, கட்டணம் 20,000. விண்டேஜாகப் பதிந்த காரைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். நான் பதிவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த வாய்ப்பை விட்டுக்கொடுக்க மனசில்லை.

ஆக, பெரியப்பாவின் கேஸைப் பிரித்து, புது 77 பேரல், பிஸ்டன், பழைய கிராங்க் தேய்த்துப் போட்டு அதே 1285-ஆகக் கட்டினார் பாய். அதற்கு 40,000, மேலே சொன்ன ஒன்றரை லட்சத்தில் இது சேராது. மூன்றாவது சிலிண்டர் இப்போது மற்ற மூன்றோடு சேர்ந்து நிற்கிறது, நந்தி ஹில்ஸ் மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறது. இரண்டாவது கியரில்தான், சரி.

1776 எஞ்சின் பாயின் கடையில் ஸ்டாண்டில் இருக்கிறது. ஓசூர் பக்கம் சொந்தத் தோட்டத்தில் மட்டும் ஓட்டுவதற்கு பக்கி வண்டி கட்டுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். போர், ஸ்ட்ரோக், ராடு நீளம், பின் உயரம், உச்சி இடைவெளி, குழியின் கொள்ளளவு, ஒவ்வொரு பிஸ்டனின் எடை எல்லாம் எழுதிய தாளை முதலில் அனுப்பிவிட்டேன், விலை அப்புறம் பேசலாம் என்று. 90,000 சொல்லியிருக்கிறேன், 75 வரைக்கும் இறங்குவேன்.